பந்து பழுக்க ஒரு வாரம்

சங்கக் கொட்டகையின் மேஜை மேல் ஒரு வாளி இருந்தது. வாளிக்குள் முப்பத்தாறு டென்னிஸ் பந்துகள். முப்பத்தாறும் பச்சை. போன சனிக்கிழமை மூட்டையிலிருந்து கொட்டியபோது அவை அழுக்கு மஞ்சளாக இருந்ததைப் பார்த்த சாட்சிகள் பத்துப் பேர் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

மேஜைக்குப் பின்னால், கஞ்சி மொடமொடக்கும் வெள்ளை வேட்டியும் தோளில் சிவப்புத் துண்டுமாகத் தோழர் சென்னியப்பன் நின்றார். வயது எழுபத்தொன்று. ஒன்பது முறை சிறை சென்றவர்; பதினோரு முறை என்று சொல்லிக்கொள்பவர். மில் தொழிலாளர் காலனியின் செங்கதிர் விளையாட்டு மன்றத்துக்கு இருபத்தாறு வருடமாக அவர்தான் தலைவர். மில் மூடிப் பதினெட்டு வருடம் ஆகிறது. அது நின்ற இடத்தில் இப்போது பதினான்கு மாடிக் குடியிருப்பு நிற்கிறது. அதற்கு மில்லின் பெயரையே வைத்திருக்கிறார்கள், கொன்றவனே கல்லறைக்குப் பெயர் பொறித்த மாதிரி. மில் போனாலும் காலனி போகவில்லை, மன்றம் போகவில்லை, தோழரின் நாற்காலியும் போகவில்லை.

நகரத்தில் முதலாளிமார்கள் டென்னிஸ் ஆடும் கிளப் ஒன்று உண்டு. அங்கே ஒரு பந்தை மூன்று ஆட்டத்துக்கு மேல் வைத்துக்கொள்வது கௌரவக் குறைச்சல். தள்ளிவிட்ட பந்துகளை, கோர்ட்டைக் கூட்டும் தொழிலாளி ஒருவர் மூட்டை கட்டித் தோழரிடம் தருவார். அவற்றைத் துவைத்துக் காயவைத்து, காலனி அணி கிரிக்கெட் ஆடும். அவர்கள் மூன்று ஆட்டத்தில் எறிந்ததை இவர்கள் மூன்று மாதம் ஆடுவார்கள். சமுதாயத்தின் நிலைமையை நூறு பக்கப் பிரசுரத்தை விட அந்த ஒரு மூட்டை தெளிவாகச் சொல்லும் என்பது தோழரின் கருத்து. அந்தக் கருத்தை அவர் நூறு பக்கப் பிரசுரமாகவும் எழுதியிருக்கிறார்.

பந்து துவைப்பது தலைவரின் பொறுப்பு. எப்படித் துவைக்கிறார் என்று யாருக்கும் காட்டமாட்டார். அழுக்கு மூட்டை அவர் வீட்டுக்குள் போகும். மூன்றாம் நாள் புதுப் பந்துகள் வாளியில் வெளியே வரும். மைதானத்தில் கைதட்டுவார்கள்.

உண்மை என்னவென்றால், போன மூட்டை வரைக்கும் இந்த இருபத்தாறு வருடத்தில் தலைவர் கை ஒரு பந்திலும் பட்டதில்லை. பட்டதெல்லாம் அவர் மனைவி பாவாத்தாளின் கை. வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் துவைக்கிற கல்லருகே உட்கார்ந்து, பூந்திக்கொட்டை ஊறிய வெந்நீரில் நனைத்து, பழைய பல் பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் தேய்த்து, அலசி, துண்டில் உருட்டி ஈரம் எடுத்து, கயிற்றுக் கட்டிலில் நிழலில் பரப்பி வைப்பாள். முதல் தடவை மைதானத்தில் கைதட்டியபோதே தோழர் உண்மையைச் சொல்லிவிடத்தான் நினைத்தார். கைதட்டல் ஓயட்டும் என்று காத்திருந்தார். அது இருபத்தாறு வருடமாக ஓயவில்லை.

இந்தத் தடவை மூட்டை வந்தபோது பாவாத்தாள் பொள்ளாச்சியில் மகள் வீட்டில் இருந்தாள். வேறு வழியில்லாமல் தோழரே துவைத்தார். துணி விஷயத்தில் அவர் வாழ்நாளில் செய்த வேலை ஒன்றே ஒன்று. மனைவி துவைத்துப் பிழிந்த வேட்டியைக் கடைசியில் நீலம் விட்ட தண்ணீரில் அலசி, கஞ்சியில் முக்குவது. ஊர்வலத்துக்குப் போகிற வேட்டியை அவரே முக்கினால்தான் அவருக்குத் திருப்தி. ஆகவே பந்துகளுக்கும் சோப்புத்தூள் போட்டு ஊறவைத்தார், நாலு மூடி நீலம் விட்டார், கெட்டிக் கஞ்சியில் முக்கி எடுத்து வெயிலில் பரப்பினார். மஞ்சளில் நீலம் விட்டால் என்ன ஆகும் என்பது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். தோழரை நாலாம் வகுப்போடு மில்லுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதனால்தான் இன்று, ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு, அவசரப் பொதுக்குழு. பொள்ளாச்சியிலிருந்து பாவாத்தாள் வரும் பஸ் பதினொன்றேகாலுக்குக் காலனி நிறுத்தத்தில் நிற்கும். அதற்குள் கூட்டத்தை வென்று கலைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தலைவர் பதவி போவது இருக்கட்டும், இருபத்தாறு வருடக் கைதட்டலும் போய்விடும். தோழர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

அணித் தலைவன் கதிரேசன் எழுந்தான். பட்டறையில் லேத் ஓட்டுகிறவன், எதையும் செய்து காட்டித்தான் பேசுவான். வாளியிலிருந்து ஒரு பந்தை எடுத்துத் தரையில் போட்டான். 'டொக்' என்றது. போட்ட இடத்திலேயே கிடந்தது.

"பாருங்க தலைவரே. அடுத்த ஞாயித்துக்கெழமை குவார்ட்டர்ஸ் டீமோட மேட்ச். நம்ம கிரவுண்டு, நம்ம பந்து. இது என்னடான்னா விளாங்காயாட்ட விழுகுது. புல்லுல போயிடுச்சுன்னா ஆடு வந்து மேஞ்சு காட்டினாத்தான் உண்டு."

அடுத்து மன்றச் செயலாளர் தெய்வானை எழுந்தாள். மில்லில் நூலைக் கோனில் சுற்றும் பிரிவில் வேலை பார்த்தவள். கையில் தீர்மானப் புத்தகம்.

"தீர்மானம் ஒண்ணு கொண்டாந்திருக்கறனுங்க. மன்றத்துப் பந்துகளை இனிமேல் வாஷிங் மெஷினில் துவைப்பது. எங்க வீட்டு மெஷின்லயே போட்டுத் தர்றேன். தலகாணி உறைக்குள்ள போட்டு முடிச்சுப் போட்டு விட்டா நாப்பது நிமிசம்."

மெஷின் என்ற சொல் காதில் விழுந்ததும் தோழருக்கு இருபது வயது குறைந்தது. துண்டை உதறித் தோளில் போட்டார்.

"மெஷினா! தோழர்களே, நம்ம மில்லுக்குள்ள முதல் மெஷின் வந்த அன்னிக்கு என்ன சொன்னாங்க? உங்க வேலைய லேசாக்கத்தான் வருதுன்னு சொன்னாங்க. நாப்பது பொம்பளைங்க கோன் சுத்தின எடத்துல நாலு பேரை நிறுத்தினாங்க. மிச்ச முப்பத்தாறு பேரை வீட்டுக்கு அனுப்பினாங்க. இன்னிக்கு அதே மெஷின் நம்ம பந்தைக் கேக்குது!"

"அந்த முப்பத்தாறுல நானும் ஒருத்திங்க," என்றாள் தெய்வானை. "அது வேற மெஷின், இது வேற மெஷினுங்க. துவைக்கற கைய எந்த மெஷினும் வீட்டுக்கு அனுப்ப முடியாது. அது முன்னாடியே வீட்டுலதான் கெடக்குது."

பெண்கள் பக்கமிருந்து சிரிப்பு வந்தது. தோழர் அந்தச் சிரிப்பை ஆணாதிக்கச் சமுதாயத்தின் விளைவு என்று மனதுக்குள் குறித்துக்கொண்டு, மேலே போனார்.

"சரி. இருபத்தாறு வருசமா என் கையாலயே துவைக்கறேன். துவைச்சது தப்புன்னு யாரு சொல்றது? பந்து பச்சையா இருக்குது, அவ்வளவுதானே?"

"அவ்வளவுதானுங்க," என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். நஞ்சப்பன். நாற்பது வருடம் எதிர்ச் சங்கத்தில் இருந்தவர். இரண்டு சங்கமும் போன பிறகும் எதிர்ப்பை மட்டும் விடாதவர்.

"ஏப்பா நஞ்சப்பா, மாங்கா என்ன நெறம்?"

"பச்சை."

"மாம்பழம்?"

"மஞ்சள்."

"அப்பறம் என்ன? அரைகுறையாத் துவைச்ச பந்துதான் உடனே மஞ்சளா நிக்கும். முழுசாத் துவைச்ச பந்து மொதல்ல காயாகும். வைக்கோலுக்குள்ள வெச்சு மூடினா ஒரு வாரத்துல பழுக்கும். மேட்ச் அன்னிக்குப் பாரு, வாளியத் தொறந்தா எலுமிச்சம்பழமாட்ட மின்னும்."

கதிரேசன் கீழே கிடந்த பந்தை எடுத்து மூக்கருகே கொண்டுபோனான். "அதென்னுங்க தலைவரே, விழுந்தா துள்ள மாட்டீங்குது?"

"காயி துள்ளுமா? துள்ளலையெல்லாம் உள்ளுக்குள்ள அடக்கி வெச்சிருக்கறேன். பழுத்ததும் வெளிய வரும்."

"பழுத்தா அணில் கடிக்குமுங்களா?" என்றார் நஞ்சப்பன்.

"போன தடவை கடிச்சுதே! அந்த அணில் இன்னிக்கும் நடக்கறதில்லை. குதிச்சுக் குதிச்சுத்தான் போகுது."

தெய்வானை பேனாவைத் தூக்கினாள். "தலைவரே, இதையும் மினிட்ல எழுதறதுங்களா?"

"எழுது அம்மிணி, எழுது. ஒண்ணு விடாம எழுது. நாளைக்கு வரலாறு கேக்கும்."

இந்தச் சொல் பின்னால் தன் கழுத்தையே சுற்றும் என்று தோழருக்கு அப்போது தெரியாது. மணி பத்து நாற்பது. கூட்டம் சிரிக்க ஆரம்பித்திருந்தது. சிரிக்கிற கூட்டம் ஓட்டுப் போடாது என்பது அவருடைய ஐம்பது வருட அனுபவம். இன்னும் கொஞ்சம் விட்டால் தீர்மானத்தை மறந்துவிடுவார்கள்.

"மொத மொத மூட்டை வந்த கதை உங்களுக்குத் தெரியாது," என்று ஆரம்பித்தார். "அப்ப எனக்கும் அனுபவம் பத்தாது. வேட்டியத் துவைக்கற மாதிரியே பந்தையும் கல்லுல அடிச்சுட்டேன். ஓங்கி ஒரு அடி. கையில இருந்த பந்து கல்லுல பட்டுச்சு, எகிறிச்சு, மில் புகைபோக்கி இருந்துதே நூத்தம்பது அடி, அதுக்கு மேல போயிடுச்சு. அண்ணாந்து பார்த்தேன், காணோம். மொத நாளு வரலை. ரெண்டாம் நாளு வரலை. மூணாம் நாள் காலையில கல்லு மேல வந்து உக்காந்திருக்குது. நல்லாக் காஞ்சு போயி, பளிச்சுன்னு. தொட்டுப் பார்த்தா ஐஸாட்ட சில்லுன்னு இருக்குது. மோந்து பார்த்தா தேயிலை வாசம். ஊட்டிக் காத்துல காஞ்சுட்டு வந்திருக்குது!"

"நான் அன்னிக்கு ரெண்டாம் ஷிப்ட்டுங்க," என்றார் நஞ்சப்பன். "புகைபோக்கி மேல ஒண்ணும் போகலை."

"நீ எந்த ஷிப்ட்டுல முழிச்சிருந்தே?"

கொட்டகை சிரித்தது. நஞ்சப்பனும் சிரித்தார். ஆனால் அவர் உட்காரவில்லை. ஒரு புளுகுக்கு அவர் உட்கார்ந்தால் அடுத்தது வராது என்று அவருக்குத் தெரியும். இரண்டு பேரும் அந்த அளவுக்குப் பழையவர்கள்.

"அதோட கல்லுல அடிக்கறதை விட்டேன். கையில பிழிய ஆரம்பிச்சேன். பந்து மேல இருக்கறது என்ன? கம்பளி. கம்பளி எதையும் உள்ளுக்குள்ள வாங்கிக்கும். தண்ணிய வாங்கும், புழுதிய வாங்கும். அப்பறம் பேச்சையும் வாங்கும். அந்தக் கோர்ட்டுல நின்னுக்கிட்டு முதலாளிங்க என்ன என்ன பேசியிருப்பாங்க, ரோசனை பண்ணிப் பாருங்க! மொதப் பந்தைப் பிழிஞ்சேன். அழுக்குத் தண்ணி வந்துச்சு. ரெண்டாவதைப் பிழிஞ்சேன். 'ஃபார்ட்டி லவ்'னு ஒரு குரல். நம்ம முதலாளி குரல்! மூணாவதை அழுத்திப் பிழிஞ்சேன். 'இருபதாம் தேதி காலையில கேட்டைப் பூட்டிருங்க, ஒருத்தனையும் உள்ள விடாதீங்க'ன்னுச்சு."

"அய்யோ!" என்றாள் முன்வரிசையில் ஒருத்தி, உண்மையிலேயே.

"பயந்துட்டயா அம்மிணி? நான் பயப்படலை. பத்தொம்பதாம் தேதி சாயங்காலமே நாங்க போயிக் கேட்டைக் கழட்டி ஓரமா வெச்சுட்டோம். பூட்டோட வந்தானுங்க. பூட்டறதுக்குக் கேட்டு வேணுமில்ல?"

"தலைவரே," என்றார் நஞ்சப்பன் பொறுமையாக. "அந்த லாக்அவுட்டு எழுவத்திரண்டு நாள் நடந்துச்சுங்க. நான் வெளியதான் நின்னேன். எனக்குப் பக்கத்துல நீங்க நின்னீங்க."

சிரிப்பு நின்றது. அந்த எழுபத்திரண்டு நாளை அங்கே இருந்த பாதிப் பேர் பட்டினியாக அறிவார்கள். தோழரும் அறிவார். துண்டை எடுத்து மறு தோளில் போட்டுக்கொண்டார்.

"அது கிழக்குக் கேட்டு," என்றார். "கிழக்குக் கேட்டுச் சேதி இருந்த பந்தை நான் பிழியறதுக்குள்ள சோப்பு தீர்ந்துபோச்சு. ஒரு துண்டு சோப்பு மட்டும் இருந்திருந்தா இன்னிக்கு மில் நம்மளுது."

சிரிப்பு மறுபடி வந்தது. கொஞ்சம் கனத்த சிரிப்பு. மணி பத்து ஐம்பத்தைந்து.

"காயப்போடற கதைக்கு வாங்க. கொடியில ஒவ்வொரு பந்துக்கும் ரெண்டு கிளிப்புப் போட்டுத் தொங்கவிட்டேன். முப்பத்தாறு உருண்டை வரிசையாத் தொங்குது. எவனோ போயி, சென்னியப்பன் வீட்டுல குண்டு காயுதுன்னு போலீசுக்குச் சொல்லிட்டான். நூறு போலீசு, நாலு வேனு. இன்ஸ்பெக்டரு கொடிகிட்ட வந்து, ஒண்ணை எடுத்து, மெதுவாக் கீழ விட்டாரு. அது எந்திரிச்சுது. திரும்ப விழுந்துச்சு. திரும்ப எந்திரிச்சுது. ஒவ்வொரு தடவையும் முன்னைவிட ஒரு சாண் ஒசரம். புடிங்கடான்னாரு. நூறு பேரும் புடிக்கப் போயி நூறு பேரும் அது கூடவே குதிக்க ஆரம்பிச்சுட்டாங்க. அந்தத் தெரு முழுக்க நூறு தொப்பி மேலயும் கீழயும் போயிட்டிருக்குது. கடைசியில அவங்க துப்பாக்கியையெல்லாம் என்கிட்டக் குடுத்து, 'தோழரே, நீங்களே நிறுத்துங்க'ன்னு கும்புட்டாங்க."

"எப்படி நிறுத்துனீங்க?" என்றான் கதிரேசன். அவன் கேட்கிற தொனியே மாறியிருந்தது. தீர்மானத்தை அவன் மறந்தே போய்விட்டான்.

"'வேலை நிறுத்தம்'னு ஒரு சத்தம் போட்டேன். பந்து நின்னுடுச்சு. அது தொழிலாளி துவைச்ச பந்து."

கைதட்டல் எழுந்தது. தோழருக்கு அது மைதானத்துக் கைதட்டல் போலவே கேட்டது. இத்தோடு முடித்திருக்கலாம். தீர்மானத்தை ஓட்டுக்கு விட்டு, தோற்கடித்து, பஸ் வருவதற்குப் பத்து நிமிடம் முன்பாகவே கொட்டகையைப் பூட்டியிருக்கலாம். ஆனால் கைதட்டல் கிடைத்தபின் மேடையை விட்டு இறங்கியவர் அவர் பரம்பரையிலேயே இல்லை.

"கேளுங்க, கேளுங்க! ஒரு தடவை ஒரு பந்தை நாலு நாள் துவைச்சேன். மொத நாளு அழுக்குப் போச்சு. ரெண்டாம் நாளு கம்பளி போச்சு. மூணாம் நாளு ரப்பரும் கரைஞ்சு போச்சு. நாலாம் நாளு கையத் தொறந்து பார்க்கறேன், பந்தே இல்லை. ஆனா கை மட்டும் மேலயும் கீழயும் போகுது. என்னன்னு பார்த்தா, பந்து போயி அதோட துள்ளல் மட்டும் கையில மிச்சம்!"

"வெறும் துள்ளலா?"

"வெறும் துள்ளல். கண்ணுக்குத் தெரியாது. ஒரு ஈயப்போசியில விட்டு மூடி வெச்சேன். அன்னியிலிருந்து மூடி சும்மா இருக்கறதில்லை, டக்கு டக்குன்னு ஆடிக்கிட்டே இருக்கும். காலனி மோட்டாரு எரிஞ்சுபோச்சே, ஞாபகமிருக்குதா? ஒரு கரண்டித் துள்ளலை எடுத்துக் குழாய்ல விட்டேன். மூணு நாள் கரண்ட் இல்லாம டேங்குக்குத் தண்ணி ஏறிச்சு."

"அந்த மூணு நாளும் நாங்க கொடத்தைத் தூக்கிட்டு ரெண்டு தெரு நடந்தமுங்க," என்றாள் தெய்வானை எழுதிக்கொண்டே.

"அது உங்க தெரு. எங்க தெருவுல ஏறிச்சு."

"மிச்சத் துள்ளல் எங்கீங்க?" என்றார் நஞ்சப்பன்.

"எங்க வீட்டு அடுப்படியில, போசிக்குள்ள."

"சாட்சி?"

"எங்க வீட்டம்மாவையே கேளு!" என்றார் தோழர், நெஞ்சை நிமிர்த்தி. ஊரில் இல்லாத சாட்சியை விடப் பத்திரமான சாட்சி உண்டா?

"கேட்டாப் போச்சுங்க," என்றார் நஞ்சப்பன். "அதா வந்துட்டாங்க."

பதினொன்றேகால் பஸ் பதினொன்று ஐந்துக்கே வந்திருந்தது. நாற்பது வருடமாக ஒரு நாளும் நேரத்துக்கு வராத பஸ். கொட்டகை வாசலில் பாவாத்தாள் நின்றாள். ஒரு கையில் கட்டைப்பை, மறு கையில் பலாப்பழம். கூட்டம் வழி விட்டது. அவள் மேஜைக்கு வந்து, பலாப்பழத்தை வாளிக்குப் பக்கத்தில் வைத்து, ஒரு பச்சைப் பந்தை எடுத்தாள். விரலால் சுண்டினாள். 'டொக்' என்றது. முகர்ந்து பார்த்தாள். பிறகு தன் கணவரின் கைகளைப் பார்த்தாள். பத்து நகக்கண்களும் நீலம்.

தோழர் கைகளைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டார். ஒன்பது சிறையிலும் இப்படி ஒரு விசாரணை அவருக்கு நடந்ததில்லை.

"பாவாத்தாக்கா, தலைவரு சொன்னதெல்லாம் நெசமுங்களா?" என்றார் நஞ்சப்பன்.

"என்ன சொன்னாரு?"

தெய்வானை தீர்மானப் புத்தகத்தைப் பிரித்து, முதல் வரியிலிருந்து படித்தாள். மாங்காய் வந்தது, புகைபோக்கி வந்தது, கம்பளி கேட்ட பேச்சு வந்தது, நூறு போலீஸ் வந்தது, போசி வந்தது. நடுவில், 'இருபத்தாறு ஆண்டுகளாகத் தலைவர் தன் கையாலேயே' என்ற வரியும் வந்தது. அந்த இடத்தில் பாவாத்தாள் தலையை மட்டும் லேசாகச் சாய்த்தாள். தோழர் தரையைப் பார்த்தார். அவர் தலைமையில் நடந்த எந்தக் கூட்டத்திலும் தரை இவ்வளவு சுத்தமாக இருந்ததாக அவருக்கு நினைவில்லை.

படித்து முடிந்தது. பாவாத்தாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"அத்தனையும் நெசமுங்க," என்றாள்.

தோழர் நிமிர்ந்தார்.

"அந்தப் போசி?" என்று நஞ்சப்பன் விடவில்லை.

"அதை ஏனுங்க கேக்கறீங்க. ஊருக்குப் போகையில, துள்ளல் தப்பிச்சுப் போயிருமேன்னு மூடி மேல ஆட்டாங்கல்லைத் தூக்கி வெச்சுட்டு பஸ் ஏறினேன். பொள்ளாச்சியில எறங்கிப் பார்த்தா, எனக்கு முன்னாடியே ஆட்டாங்கல்லு பஸ் ஸ்டாண்டுல வந்து நிக்குது. மேலெல்லாம் வேர்வை. அதுக்கும் ஒரு டிக்கெட் எடுத்து, சன்னலோரத்துல உக்கார வெச்சு இப்பத்தான் கூட்டியாந்தேன். வெளிய ஸ்டாப்புல நிக்குது. யாராச்சும் ரெண்டு பேரு போயித் தூக்கியாந்தீங்கன்னாப் புண்ணியமாப் போகும்."

கொட்டகை தகரம் அதிரச் சிரித்தது. நஞ்சப்பன் அன்று முதல் தடவையாக உட்கார்ந்தார். தோழருக்கு உடம்பெல்லாம் இறக்கை முளைத்தது போலிருந்தது. தன்னைக் காப்பாற்ற வந்த மனைவியைப் பெருமையோடு பார்த்தார்.

"அதனால, இந்த மெஷின் தீர்மானத்துக்கு ஒரு திருத்தம் கொண்டாரனுங்க," என்றாள் பாவாத்தாள். "நானும் மன்றத்து உறுப்பினர்தான். நம்பர் பதினேழு."

"சொல்லுங்க்கா," என்று தெய்வானை பேனாவை எடுத்தாள். அவள் முகத்தில் ஏதோ ஒன்று மெல்ல விளங்கிக்கொண்டிருந்தது.

"மெஷின் வேண்டாமுங்க. அவரு சொன்னாப்பல தொழிலாளி கைதான் வேணும். ஆனா இத்தனை கைப்பக்குவம் இருக்கற மனுசன் வெறும் பந்தோட நின்னா நாயமுங்களா? இருபத்தாறு வருசப் பழக்கமாச்சே! அதனால இன்னியிலிருந்து பந்தையும் அவரே துவைக்கட்டும், எங்க வீட்டுத் துணியையும் அவரே துவைக்கட்டும். சீலை, போர்வை, ஒறம்பரை வந்தா அவங்க துணி, எல்லாம். ஞாயித்துக்கெழமைக்குள்ள இந்த முப்பத்தாறையும் பழுக்க வெச்சுக் குடுத்துருவாரு. எழுதிக்க தெய்வானை. ஒண்ணு விடாம எழுது."

பெண்கள் பக்கம் இருபத்திரண்டு கைகளும் ஒரே நேரத்தில் உயர்ந்தன. ஆண்கள் பக்கம் ஒவ்வொருவரும் பக்கத்திலிருப்பவரைப் பார்த்தார்கள். நஞ்சப்பன் இரண்டு கையையும் தூக்கியதும் அவர்களும் தூக்கினார்கள்.

தோழர் வாயைத் திறந்தார். எதிர்த்துப் பேசலாம். பேசுவதானால், இருபத்தாறு வருடமாகத் துவைத்தது யார் என்பதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். எத்தனையோ நிர்வாகங்களோடு மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பேசியவர் அவர். கேட்டதையெல்லாம் ஒப்புக்கொண்டே எதிரியை இப்படி மூலையில் நிறுத்த முடியும் என்று எந்த நிர்வாகத்துக்கும் தோன்றாமல் போனது காலனியின் அதிர்ஷ்டம் என்று அப்போது அவருக்குப் பட்டது. வாயை மூடினார். மறுபடி திறந்து, தலைவர் என்ற முறையில் அறிவித்தார்:

"தீர்மானம், திருத்தத்தோடு, ஒருமனதாக நிறைவேறியது."

கைதட்டினார்கள். நெடுநேரம் கைதட்டினார்கள். இந்தத் தடவை அது ஓயட்டும் என்று தோழர் உண்மையிலேயே காத்திருந்தார்.

மறுநாள் திங்கட்கிழமை. விடிந்து வெயில் ஏறும்போது தோழர் பொடக்காலியில் துவைக்கிற கல்லுக்கு முன்னால், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இடது பக்கம் பந்து வாளி. வலது பக்கம் பொள்ளாச்சியிலிருந்து வந்த கட்டைப்பை; அதில் மகள் வீட்டுத் துணியும் சேர்த்துத் திணிக்கப்பட்டிருந்தது. அடுப்படிச் சன்னலுக்குள்ளிருந்து பாவாத்தாளின் குரல் மட்டும் வந்தது.

"வெந்நியில சோடாமாவு போட்டு ஊறவைங்க. கஞ்சி மொதல்ல எறங்கட்டும். அப்பறம் பூந்திக்கொட்டைத் தண்ணி. பிரஷ்ஷு சன்னல் மேல இருக்குது. ஒரே பக்கமாத் தேயுங்க, முன்னயும் பின்னயும் தேய்ச்சா நூலு பிரியும்."

தோழர் தேய்த்தார். முதல் பந்துக்கே தோள் வலித்தது. பத்தாவது பந்தில் இடுப்பு வலித்தது. வருடத்துக்கு நாலு மூட்டை, மூட்டைக்கு முப்பத்தாறு, இருபத்தாறு வருடம் என்று மனம் ஒரு பெருக்கலை ஆரம்பித்தது. அதைப் பாதியில் நிறுத்தினார். பிரசுரம் எழுதுகிறவருக்கு அந்தப் பெருக்கல் எங்கே போய் முடியும் என்று தெரியும்.

ஆனால் பந்துகள் பச்சையை விட்டன. முதலில் இலை நிறம், பிறகு இளமஞ்சள், பிறகு அசல் மஞ்சள். மதில் சுவருக்கு மேல் நஞ்சப்பனின் தலை தெரிந்தது.

"பழுத்துடுச்சுங்களா தலைவரே?"

"பதினாலு பழுத்துடுச்சு," என்றார் தோழர், நிமிராமல். "மிச்சம் மத்தியானத்துக்குள்ள பழுக்கும்."

நஞ்சப்பன் அந்த நீல நகங்களையும், மூச்சு வாங்குகிற முதுகையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவர் தலை மதிலுக்குக் கீழே இறங்கியது.

மத்தியானம் முப்பத்தாறும் கயிற்றுக் கட்டிலில் நிழலில் காய்ந்தன. ஒன்றைக் கீழே போட்டுப் பார்த்தார். துள்ளியது. முழங்கால் உயரம்தான், ஆனாலும் துள்ளியது. வாழ்நாளில் முதல் தடவையாகத் தன் கையால் ஒழுங்காகத் துவைத்த பந்து. உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. முழங்கால் உயரத்தை இடுப்பு உயரம் என்று சொல்லலாம், தலை உயரம் என்றால்கூட யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? அந்த உற்சாகத்திலேயே கட்டைப்பையைக் கவிழ்த்து, மேலே கிடந்த மாம்பழ மஞ்சள் சீலையைச் சோப்புப் போட்டு அலசி, கடைசித் தண்ணீருக்கு வந்ததும், கை தானாகச் சன்னல் மேலிருந்த நீலக் குப்பியை எடுத்து மூடியைத் திருகியது.

அடுப்படிக்குள்ளிருந்து, திரும்பிக்கூடப் பார்க்காமல், பாவாத்தாள் சொன்னாள்:

"ஏனுங்க, அது வெள்ளைத் துணிக்கு மட்டுமுங்க."